மேடம் வைத்த தேர்வு

காதல் என்பது, யுகயுகமாய் ஒன்றையொன்று தேடி அலையும் இரண்டு ஆன்மாக்கள் ஒரே ஒரு பார்வையில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் மகத்தான கணம். பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவளும் அவனை முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். தப்பாக.

அப்போது அவன் வாயில் பஞ்சு இருந்தது.

வெளியே மழை... தூறலாகத் தயங்கித் தொடங்கி, பிறகு வெட்கத்தை விட்டுவிட்டுக் கொட்ட ஆரம்பித்த மழை. பயிற்சி மையத்தின் தாழ்வாரத்தில், கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து நின்றிருந்தான் அவன். உயரமான ஆள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். முகத்தின் இடது பாதி, வலது பாதியோடு பேச்சுவார்த்தை இல்லாததுபோலத் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. ஆனால் அந்தக் கண்கள்... மழை கழுவிவிட்டுப் போன ஜன்னல் மாதிரி, அப்படி ஒரு தெளிவு... அப்படி ஒரு தவிப்பு...

'பாவம்!' என்று நினைத்தாள் அவள். இந்தக் கதையில் நடந்த தவறுகளெல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்குகின்றன.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் துணையாக இருப்பதற்கான பயிற்சியில் அன்று காலைதான் அவள் சேர்ந்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ‘இனி மனிதர்களோடு வேலை செய்யப் போகிறேன்’ என்று வீட்டில் அறிவித்துவிட்டு வந்தவள். வகுப்பில் முதல் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து, மூன்று நிற மையில் குறிப்பெடுத்து, கேட்காத கேள்விக்கும் கை தூக்கி, மதியத்துக்குள் ‘முன்பெஞ்சு’ என்று பட்டப்பெயரும் வாங்கிவிட்டாள்.

தொடக்கவுரை ஆற்றியவர் மையத்தின் இயக்குநர். "இவர்கள் தெய்வக் குழந்தைகள்! இவர்கள் மொட்டுகள்! நாமெல்லாம் நீரூற்றும் தோட்டக்காரர்கள்!" என்று அவர் முழங்கியதில் எல்லாருடைய டீயும் ஆறிப்போனது. அவருக்குப் பிறகு மைக்கைப் பிடித்தாள் குட்டையான, கெட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண். அவளுக்கும் அறிவுசார் குறைபாடு உண்டு. காலையில் ஒரு பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. பிற்பகலில் இங்கே பயிற்சியாளர்; அன்று தொடக்க நாள் என்பதால் காலையிலேயே வந்துவிட்டாள். யாராக இருந்தாலும் தன்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவளுடைய சட்டம். அவளுக்குப் பேச்சு மெதுவாக வரும். ஒவ்வொரு சொல்லும் உள்ளே எங்கோ வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் வெளியே வரும்.

மேடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றாள். இயக்குநர் உதவிக்கு எழுந்து வந்தார். அவள் மைக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு... முப்பத்தொரு வயசு," என்றாள். "நான்... மொட்டு இல்ல."

உட்கார்ந்துவிட்டாள்.

முன்பெஞ்சு அதையும் சிவப்பு மையில் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டாளே தவிர, புரிந்துகொள்ளவில்லை. அன்று காலை முதல் பாடம், ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. எடுத்துக்காட்டு, கை கழுவுதல். ‘காத்திருத்தல்’ மறுநாள் பாடம். அவள் விதி... இவன் முதல்நாளே வந்து நின்றுவிட்டான்.

"தம்பீ..." என்றாள், பாடத்தில் சொன்னபடி குரலை மெதுவாக்கி, பாடத்தில் சொல்லாதபடி சத்தமாகவும் ஆக்கி. "கை... கழுவலாமா?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "ஆ... ஓ... ஆஆ..."

‘இல்லைங்க, நான் பல் பிடுங்கிட்டு வர்றேன்’ என்பதுதான் அவன் சொல்ல நினைத்தது. மரத்துப்போன நாக்கு அதில் உயிரெழுத்துகளை மட்டும் வெளியே விட்டது.

"ஆமாவா? சபாஷ்! முதல்ல என்ன பண்ணணும்? குழாயைத் திறக்கணும்! இது என்னது? குழாய்!" கேள்வியும் அவளே, பதிலும் அவளே. "இப்ப சோப்பு... நல்லா நுரை வரட்டும்... விரல் இடுக்குல... ஆங், அப்படித்தான்! எவ்ளோ கெட்டிக்காரத் தம்பி!"

கையை உதறிக்கொண்டு போயிருக்கலாம் அவன். ஏன் போகவில்லை? பிற்பாடு பலமுறை அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். ஒன்று, திகைப்பு. இன்னொன்று... அவள் இமைகளில் மழைத்துளி நின்றிருந்தது. ஒரு இமைக்கு ஒரு துளி என்று யாரோ கோத்து வைத்தது போல... அந்த இமைகளுக்குக் கீழே, நுரையை ஏதோ உலக அதிசயம் மாதிரி பார்த்து மகிழும் இரண்டு கண்கள்... ‘என்னடா இது, கை கழுவினதுக்கா இவ்வளவு சந்தோஷம்?’

பிறகு அவள் தன் கைக்குட்டையை எடுத்து அவன் உதட்டோரத்தைத் துடைத்தாள். அவ்வளவு மெதுவாக... அவ்வளவு பதமாக... அம்மா போன பிறகு அவன் முகத்தை யாரும் துடைத்ததில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பல்வலியாலும் இருக்கலாம்.

கைக்குட்டையில் ரத்தம் பட்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுப்பதில் மும்முரமாக இருந்தாள். தங்க நிற நட்சத்திரங்கள் ஒட்டிய தாள். அன்றைய உற்சாகத்தில் கடையில் தன் சொந்தக் காசில் வாங்கியது. ஒன்றைப் பிய்த்து அவன் ஈரச் சட்டைப் பையில் ஒட்டினாள்.

"எல்லாரும் கை தட்டலாமா?"

தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை. அவள் மட்டும் தட்டினாள்.

அப்போதுதான் மேடம் குடையோடு வந்தாள். தொட்டியில் நுரை. சட்டையில் நட்சத்திரம். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"அண்ணன்... ஏன்... கை கழுவுது?"

"மேடம், இவரு... உங்க...?"

"அண்ணன்." வரிசையில் அடுத்த சொல் வந்து சேரும்வரை மூவரும் நின்றார்கள். "பல்லு. பிடுங்கப்... போச்சு."

முன்பெஞ்சின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. கைக்குட்டையில் இருந்ததுதான் மிச்சம்.

மேடம் சிரிக்க ஆரம்பித்தாள். குடையைக் கீழே போட்டு, கண்ணாடியைக் கழற்றி, பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு பயிற்சி பெறுபவர்களை மதிப்பிடத் தன்னிடம் வைத்திருக்கும் பச்சை, சிவப்பு அட்டைகளில் சிவப்பை எடுத்து முன்பெஞ்சுக்குக் காட்டினாள். நட்சத்திரத் தாளைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பறிமுதல்.

---

ஒரு வாரம் கழிந்தது. வகுப்பு முடிந்து முன்பெஞ்சு கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி வந்திருக்கேன்... கை கழுவிட்டுத்தான் வந்தேன்."

அவள் கையிலிருந்த டஸ்டர் நழுவியது. சொன்ன விஷயத்தால் அல்ல. அந்தக் குரலால்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்! தினமும் காலையில் ரயில் நிலையத்தில், ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்லும் குரல்... தாமதத்திற்கு வருந்துகிறோம் என்று அது சொன்னால், உண்மையிலேயே யாரோ வருந்துகிறார்கள் என்று தோன்றும். அந்தக் குரலுக்காகவே அவள் சில நாள் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறியதுண்டு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

'கடவுளே... அந்தக் குரலுக்கா நான் குழாய்னா என்னன்னு சொல்லிக்கொடுத்தேன்?'

"சார்... அன்னைக்கு... ஐயோ, மன்னிச்சிடுங்க..."

"சாரா? போன வாரம் தம்பின்னீங்களே! இது பதவி உயர்வா, தண்டனையா?"

"கிண்டல் பண்ணாதீங்க சார். உங்க முகம் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"என் முகம் எப்பவுமே அப்படித்தான். அன்னைக்குப் பஞ்சு எக்ஸ்ட்ரா."

அவள் சிரித்துவிட்டாள். அன்று அவள் தொட்டியிலேயே மறந்துவிட்டுப் போன கைக்குட்டையை அவன் பையிலிருந்து எடுத்து நீட்டினான். துவைத்து, அயர்ன் பண்ணி, மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு கறை.

"கறை முழுசாப் போகல. புதுசு ஒண்ணு வாங்கலாம்னுதான் கடைக்குப் போனேன். அப்புறம்... இதையே தரணும்னு தோணிச்சு."

"நட்சத்திரம் என்னாச்சு?"

"அதுவா? சட்டையோட துவைக்கப் போட்டுட்டேன்."

பொய். அது அறிவிப்பு அறையில், மைக்கின் கழுத்தில் ஒட்டியிருந்தது.

அதன் பிறகு, தங்கையை அழைத்துப் போக வருகிறவன் கொஞ்சம் முன்னதாகவே வரத் தொடங்கினான். முன்பெஞ்சுக்கும் கரும்பலகையை அழிக்கத் தினமும் வெகுநேரம் பிடித்தது. மேடம் பெஞ்சில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவன் பேசிக்கொண்டே இருப்பான்... ரயில், மழை, பல் டாக்டர், உலகம் எல்லாவற்றையும் பற்றி. பேசுவது அவன் தொழில். மௌனம் வந்தால் ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்று பதறுகிற ஆள். அடுத்தவர் வாக்கியத்தையும் பாதியில் வாங்கி அவனே நேர்த்தியாக முடித்துவைப்பான். அவளுக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது... ஒரு நாள்வரை.

அந்த நாளும் வந்தது.

பேக்கரிக்கு எதிர்ப்புறம், மாடியில், மையம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. மூன்று அறைகள். மூன்று பெண்கள் தங்கள் வீட்டைத் தாங்களே நடத்துவார்கள். பயிற்சி முடித்த ஒருவர் தேவையான இடத்தில் மட்டும் துணை நிற்பார். இரண்டு அறைக்கு ஆள் முடிவாகிவிட்டது. மூன்றாவது அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் பேக்கரியின் பெயர்ப்பலகை தெரியும். மேடம் ஒருமுறை போய் அந்த ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அதிலிருந்து, பெட்டி மடிக்கும்போதும் அண்ணாந்து அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் அறை வேறு ஒருவருக்குப் போய்விடும். வீட்டார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது இயக்குநரின் விதி. வீட்டார் என்றால் அண்ணன்.

மேடம் கேட்டுக்கொண்டதால் முன்பெஞ்சும் சேர்ந்து, இயக்குநர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

"குடும்பம் என்பது ஒரு கோயில்..." என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"அதெல்லாம் வேண்டாம் சார்," என்றான் அவன், கோயில் கட்டி முடிவதற்குள். "தங்கச்சி வீட்ல ராணி மாதிரி இருக்கா. ராத்திரி காய்ச்சல் வந்தா யார் பார்ப்பா? கேஸை மூட மறந்தா? எங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"மேடம்," என்று அவள் பக்கம் திரும்பினாள் முன்பெஞ்சு. "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். இப்போது அந்தப் பாடமும் நடந்து முடிந்திருந்தது. கேள், பிறகு வாயை மூடு, எவ்வளவு நேரமானாலும் அந்த இடத்தை நிரப்பாதே. மேடத்தின் உதடுகள் அசைந்தன. வரிசை நகர்ந்தது... முதல் சொல் வாசலுக்கு வந்துவிட்டது...

"அவளுக்கு என்கூடத்தான் இருக்கணும். இல்லையா பாப்பா?" என்றான் அவன்.

"பாத்தீங்களா! கண்ணாலேயே சொல்லிட்டா!" என்று உருகினார் இயக்குநர்.

மேடம் வாயை மூடிக்கொண்டாள். கண்ணால் அவள் சொன்னது வேறு என்று முன்பெஞ்சுக்குத் தெரிந்தது.

"அவங்க இன்னும் சொல்லவே இல்ல சார். நீங்க சொன்னீங்க."

"என் தங்கச்சியை எனக்குத் தெரியாதா?" அவன் குரலில் முதன்முதலாக உரசல். "பல்லு பிடுங்கினவனுக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் தெரியாத நீங்க... நீங்க அவளைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?"

சுருக்கென்று குத்தியது அவளுக்கு. மன்னித்துவிட்டான் என்றல்லவா நினைத்திருந்தாள்? எல்லாச் சிரிப்புக்கும் அடியில் இது இருந்திருக்கிறது...

"ஆமா, தெரியல," என்றாள். "நீங்க பேச வாயைத் திறந்தீங்க. நான் காத்திருக்கல. நானே கேட்டு, நானே பதில் சொல்லி, கை கழுவினதுக்கு நட்சத்திரம் ஒட்டினேன். தப்புதான். ஆனா சார்... நான் உங்களுக்கு அஞ்சு நிமிஷம் செஞ்சதை, நீங்க அவங்களுக்குப் பிறந்ததுலேர்ந்து செஞ்சிட்டு இருக்கீங்க."

இயக்குநர்கூட அமைதியானார். அது அந்த மையத்தின் வரலாற்றில் புதுசு.

அவன் எழுந்தான். "வா, போகலாம்," என்று தங்கையின் கையைப் பிடித்தான். மேடம் எழுந்து போனாள். மறுநாள் அவள் மையத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

முன்பெஞ்சு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காலையில் ரயில் நிலையத்தில் அந்தக் குரல் ஒலிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டாள்... விரல்களைக் கொஞ்சம் விலக்கி வைத்து.

---

வீட்டில் மேடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. பேக்கரிக்குப் போனாள், வந்தாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"டீ வேணுமா, காபி வேணுமா?" என்று கேட்டான் அண்ணன். "காபிதானே?" போட்டுக் கொடுத்தான். கோப்பையை நீட்டும்போதுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. ‘இது என்னது? குழாய்!’

சே, அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னா... எதைச் செஞ்சாலும் கூடவே வருது!

சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது மேடம் சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து, பழக்க தோஷத்தில், அவன் சொன்னான்.

"சோப்பு போட்டியா? விரல் இடுக்குல தேய். ஆங், அப்படித்தான். சமத்து!"

மேடம் குழாயை மூடினாள். துண்டில் கையை நிதானமாகத் துடைத்தாள். அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தத் தாள். தங்க நட்சத்திரங்கள். ஒன்றைப் பிய்த்து, எக்கி நின்று, அண்ணன் சட்டைப் பையில் ஒட்டினாள்.

கை தட்டினாள். அவள் மட்டும். மெதுவாக.

அவன் அந்த நட்சத்திரத்தைக் குனிந்து பார்த்தான். தாழ்வாரமும் மழையும் நுரையும் நினைவுக்கு வந்தன. வாய்க்குள் நிறைய சொற்கள் இருந்தும் ஒன்றும் வெளியே வராமல், யாரோ ஒருவர் சந்தோஷமாகத் தன்னைப் பாராட்டிக்கொண்டிருக்க, ‘நான் அது இல்லை... நான் அது இல்லை...’ என்று உள்ளுக்குள் கத்தியது நினைவுக்கு வந்தது. அது ஐந்து நிமிஷம். பஞ்சை எடுத்ததும் முடிந்துபோனது.

தங்கைக்கு யார் பஞ்சை எடுப்பது?

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"உனக்கு... என்ன வேணும்?" என்றான்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அவன் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை அது. நாக்கு துடித்தது. ‘வீடா? நானா? காய்ச்சல்னா யாரு?’ எல்லாக் கேள்விகளும் தொண்டை வரை வந்து முட்டின. வண்டி தாமதமானால் வருந்துகிறோம் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, நடைமேடையில் நின்று காத்திருப்பது எப்படி என்று இப்போதுதான் தெரிந்தது. எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. குழாய் சொட்டியது. அவன் அசையவில்லை.

"சாவி," என்றாள் மேடம்.

அவன் இன்னும் காத்திருந்தான்.

"என்னோட... சாவி. நீ வர்றப்ப... பெல் அடிக்கணும்." வரிசையில் கடைசியாக நின்ற சொற்களும் வந்து சேர்ந்தன. "நான் வந்து... திறப்பேன்."

"காய்ச்சல் வந்தா?"

மேடம் யோசித்தாள். "போன் பண்ணுவேன்... நீ... வா." பிறகு, அண்ணன் முகத்தைப் பார்த்து, அதற்கும் மேலாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "உனக்குக் காய்ச்சல் வந்தா... நான் வர்றேன்."

பேசுவதையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எனக்கு... டீ," என்றாள் மேடம், ஆறிப்போய்க் கிடந்த காபிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு. "எப்பவுமே... டீதான்."

---

செய்முறைத் தேர்வு அந்த மாடி வீட்டிலேயே நடந்தது. மேடம் அங்கே குடிவந்துவிட்டாள். தேர்வாளரும் மேடம்தான். மற்றவர்களெல்லாம் தேர்வை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்; கடைசியாக முன்பெஞ்சு. தேறினால் இந்த வீட்டிலேயே வேலை. தேர்வின் பெயர் ‘காத்திருத்தல்’. மேடத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் முழுசாக வந்து முடியும்வரை எடுத்துக்கொடுக்கக் கூடாது, இடையில் புகக் கூடாது, தலையாட்டலாம். எவ்வளவு எளிது! முன்பெஞ்சு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்துவிட்டே வந்திருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. வெளியே மழை. மேடம் தன் கோப்பையிலிருந்த டீயை முதலில் குடித்து முடித்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் இயக்குநரின் குரல் கேட்டது. "கதவு லேசாத் திறந்துதானே இருக்கு? உள்ள போயிடலாமே! நனையறோம்!"

"பெல் அடிச்சிருக்கேன் சார்." அந்தக் குரல்! "அவ வந்து திறப்பா."

"ஒரு குரல் கொடுத்தா..."

"அவ வீடு சார்."

முன்பெஞ்சு கதவையே பார்த்தாள். கோபம் என்று ஒன்றை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தாளே, அது எங்கே? தேடிப் பார்த்தாள்... காணவில்லை.

மேடம் மெதுவாக நடந்து போய்க் கதவைத் திறந்தாள். அவன் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான், முதல் நாள் போலவே. அவன் கண்கள் நேரே இவளிடம் வந்தன. இவள் கண்கள் அவசரமாகத் தரைக்குப் போயின.

"இன்னைக்கு... நான் இல்ல," என்றாள் மேடம், நாற்காலியில் அமர்ந்து. "அண்ணன்." தான் வரச்சொல்லியிருந்தவனுக்கு எதிர் நாற்காலியைக் காட்டினாள். "கேளு. என்ன வேணும்னு."

"இது விதிப்படி..." என்று எழுந்தார் இயக்குநர். மேடம் சிவப்பு அட்டையை எடுத்தாள். அவர் உட்கார்ந்தார்.

எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். இடையில் மழைச் சத்தம்.

"சார்..." கண்ணாடி முன்னால் செய்த பயிற்சி எல்லாம் பறந்துபோனது. "உங்களுக்கு... என்ன வேணும்?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். எந்த வண்டிக்கும் தடுமாறாத குரல்... பஞ்சு இல்லை, ஊசி இல்லை, இருந்தும் ஒரு சொல் வரவில்லை. அவள் விரல்களை இறுக்கிக் கோத்துக்கொண்டாள். ‘வாயைத் திறக்காதேடி... நிரப்பாதே... அவரே சொல்லட்டும்...’

"அன்னைக்கு," என்றான் அவன் கடைசியில். "நீங்க துடைச்சீங்களே... அந்தக் கைக்குட்டையால..."

அவள் தலையாட்டினாள். தலையாட்டலாம்.

"அம்மா போனதுலேர்ந்து... நான்தான் எல்லாருக்கும் பதில் சொல்லிட்டு இருந்தேன். என்னை யாரும் கேட்டதில்ல. எனக்கு என்ன வேணும்னு... எனக்கே தெரியாது. நீங்க அன்னைக்கு அந்த அறையில அவகிட்ட அப்படிக் கேட்ட பிறகுதான்... கோவம் வந்துச்சு. அப்புறம் கோவம் போயிடுச்சு. நீங்க மட்டும் போகல." மூச்சு வாங்கினான். நனைந்த சட்டைக்குள் கைவிட்டு, கசங்கிய ஒரு தங்க நட்சத்திரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "துவைக்கப் போட்டேன்னு சொன்னது பொய். மைக்ல ஒட்டி வெச்சிருந்தேன். அதைப் பார்த்துக்கிட்டேதான் தினமும்..."

மழை ஓங்கிப் பெய்தது.

"எனக்கு..." என்றான். அவள் கண்களைப் பார்த்தான். "எனக்கு உங்களை..."

"எனக்கும்தான்!" என்று கத்தினாள் அவள்.

கத்திய பிறகுதான் வாயைப் பொத்தினாள். நேரம் கடந்துவிட்டது.

மேடம் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஐயோ மேடம்... அவரு கிட்டத்தட்ட முடிச்ச மாதிரிதானே..."

"இல்ல," என்றாள் மேடம். அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ... சொல்லு. முழுசா."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. காலம் முழுக்க உங்ககூட இருக்கணும். தினமும் கை கழுவச் சொல்லுங்க, கழுவறேன். ஆனா தம்பின்னு மட்டும் கூப்பிடாதீங்க..." நிறுத்தி, யோசித்து, "அவ்வளவுதான். முடிஞ்சுது," என்றான்.

அவள் அசையாமல் இருந்தாள். கன்னத்தில் வழிந்தது மழை அல்ல. "இப்ப நான் பேசலாமா மேடம்?" என்று கிசுகிசுத்தாள்.

மேடம் நீண்ட நேரம் யோசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பச்சை அட்டையை எடுத்தாள்... அண்ணனிடம் கொடுத்தாள்.

"பேசு," என்றாள்.

அவள் பேசினாள். காலையில் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறிய கதையைக்கூடச் சொன்னாள். அவன் கடைசிவரை இடையில் புகவில்லை. இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டு "இரண்டு ஆன்மாக்கள்..." என்று ஆரம்பித்து, மேடத்தின் கை பைக்குள் போவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த வகுப்பில் செய்முறைத் தேர்வில் தேறாதவள் முன்பெஞ்சு ஒருத்திதான்.